பிரிமோ லேவியின் ஆஷ்விட்ஸ் நினைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய யூதரான பிரிமோ லேவியின் முகாம் நினைவுகளைப் பற்றி எங்கே பேசினாலும், கூட்டத்தில் கேட்கிறவர்களிடமிருந்தும் சரி, கூட்டம் முடிந்து ஓரமாக வந்து பேசுகிறவர்களிடமிருந்தும் சரி, எனக்கு வருவது ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். சிலர் தயங்கிக் கேட்பார்கள். சிலர் "இதெல்லாம் உண்மைதானா" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். யாரையும் ஒதுக்கவில்லை, அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசுவதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

யார் இந்த பிரிமோ லேவி? எழுத்தாளரா, விஞ்ஞானியா?

இரண்டும்தான். 1919 ஜூலை 31 அன்று வட இத்தாலியின் டூரின் நகரத்தில் பிறந்தவர். வேதியியல் படித்தவர். போருக்குப் பிறகு பல வருஷம் டூரினுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதை நிர்வகித்தும் வந்தார். வேலை போக மிஞ்சிய நேரத்தில்தான் எழுதினார்.

1944 பிப்ரவரி கடைசியிலிருந்து 1945 ஜனவரி கடைசி வரை, பதினோரு மாதம், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் கைதியாக இருந்தார். உள்ளே போனபோது வயது 24. ஊர் திரும்பியதும் எழுதிய நினைவு நூல் 1947-ல் வந்தது. பெரிய பதிப்பகம் ஒன்று வேண்டாம் என்று சொல்லிவிட, சின்னப் பதிப்பகம் ஒன்று 2,500 பிரதி போட்டது. மறுத்த அதே பெரிய பதிப்பகம் 1958-ல் அதை வெளியிட்ட பிறகுதான் உலகம் படிக்க ஆரம்பித்தது.

இத்தாலி ஹிட்லரோட கூட்டாளி நாடுதானே? அப்புறம் இத்தாலிக்காரரை ஏன் பிடித்துக்கொண்டு போனார்கள்?

கூட்டாளிதான். ஆனால் ஜெர்மன் படை உள்ளே வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1938-ல், இத்தாலியின் பாசிஸ்டு சர்வாதிகாரி முசோலினியின் அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டது. யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கக்கூடாது, யூதர்கள் அரசு வேலையில் இருக்கக்கூடாது, மற்றவர்களைக் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது. லேவி ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்ததால் படிப்பை முடிக்க விட்டார்கள். 1941-ல் சிறப்பு மதிப்பெண்ணோடு தேறினார், ஆனால் பட்டச் சான்றிதழிலேயே "யூத இனம்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

1943 ஜூலையில் முசோலினி கவிழ்ந்தார். செப்டம்பர் 8-ல் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்ததாக அறிவிப்பு வந்தது. உடனே ஜெர்மன் படை வட இத்தாலியையும் மத்திய இத்தாலியையும் பிடித்துக்கொண்டு, முசோலினியை வைத்தே வடக்கில் ஒரு பொம்மை அரசை நிறுவியது. அக்டோபர் 16 அன்று ரோமில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டு ரயிலேற்றப்பட்ட யூதர்கள் ஆயிரத்துக்கும் மேல், உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். நவம்பர் 30 அன்று யூதர்கள் எல்லோரையும் கைது செய்யும்படி உத்தரவு போட்டது ஜெர்மன்காரர்கள் இல்லை, அந்த இத்தாலிய அரசேதான். பலரைப் பிடித்ததும் உள்ளூர் போலீஸும் பாசிஸ்டுப் படையும்தான். "ஜெர்மன்காரன் செய்தான், இத்தாலிக்காரன் பாவம்" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

லேவியைப் பிடித்தது யூதர் என்பதற்காகவா, போராளி என்பதற்காகவா?

பிடிபட்டது பாசிஸ்டுகளையும் ஜெர்மன் படையையும் எதிர்த்த போராளிகளோடு. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஒரு சின்னக் குழு, அனுபவமும் இல்லை, ஆயுதமும் சரியாக இல்லை. 1943 டிசம்பர் 13 அன்று பாசிஸ்டுப் படை விடியற்காலையில் வந்து வளைத்துவிட்டது. போராளி என்று ஒத்துக்கொண்டால் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்து, தான் யூதர் என்று சொன்னார். அன்றைக்கு அதுதான் குறைந்த ஆபத்து என்று அவருக்குப் பட்டது. மோதேனா மாவட்டத்தில் கார்ப்பிக்குப் பக்கத்தில் இருந்த ஃபோஸ்ஸோலி முகாமுக்கு அனுப்பினார்கள்.

ரயிலில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பியதைத்தானே நாடுகடத்தல் என்கிறார்கள்? அதை ஏன் அவ்வளவு விரிவாகச் சொல்கிறார்?

ஏனென்றால் அவரோடு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பயணம்தான் கடைசி. முகாமை அவர்கள் பார்க்கவே இல்லை.

1944 பிப்ரவரி 21 அன்று ஃபோஸ்ஸோலியில் அறிவிப்பு வந்தது: நாளைக்கு எல்லோரும் கிளம்ப வேண்டும், கணக்கெடுக்கும்போது ஒருவர் குறைந்தால் பத்துப் பேரைச் சுடுவோம். அந்த ராத்திரியைப் பற்றி லேவி எழுதியதில் எனக்கு மறக்காதது தாய்மார்கள் செய்த வேலைகள். வழிக்குச் சாப்பாடு கட்டினார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், துணிகளைத் துவைத்தார்கள். விடியும்போது முள்கம்பி வேலி முழுக்கக் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தாலும் இன்றைக்குப் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருப்பீர்களா என்று அவர் நம்மையே கேட்கிறார்.

மறுநாள் 650 பேர், 12 சரக்குப் பெட்டிகள். அவருடைய பெட்டியில் 45 பேர், மற்ற பெட்டிகளில் இன்னும் நெரிசல். நான்கு நாள். குளிரும் தாகமும்தான் பெரிய வேதனை, ரயில் நிற்கும் இடமெல்லாம் தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள், அல்லது ஒரு பிடி பனியாவது கேட்டார்கள், கொடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. அதற்கு நடுவிலும் ஒரு தாய் தகப்பன், ஜெர்மன் எஞ்சின் டிரைவர் ஒருவர் இரக்கப்பட்டு எஞ்சினிலிருந்து பிடித்துக்கொள்ள விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில், தங்கள் சின்ன மகளை ஒரு தகரத் தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அந்தக் குழந்தை இறங்கிய அன்றைக்கே கொல்லப்பட்டது.

இறங்கியதும் என்ன நடந்தது? யார் சாக வேண்டும் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

பிப்ரவரி 26 ராத்திரி. முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். ஆட்கள் சத்தம் போடாமல் ஒவ்வொருவரையும் கேட்டார்கள்: வயது என்ன, உடம்பு நன்றாக இருக்கிறதா, நோய் உண்டா? பதிலுக்குத் தகுந்த மாதிரி இரண்டு பக்கம் கை காட்டினார்கள். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. லேவியின் கணக்குப்படி 96 ஆண்களும் 29 பெண்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். மிச்சமிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் இரண்டு நாள் கழித்து ஒருவர்கூட உயிரோடு இல்லை. பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் இருட்டில் எங்கே போனார்கள் என்றே அப்போது தெரியவில்லை என்கிறார், விடைபெறக்கூட நேரமில்லை.

இந்தக் கேள்வி கேட்பது எல்லா ரயிலுக்கும் நடக்கவில்லை. பிற்பாடு சில சமயம் பெட்டியின் இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிடுவார்களாம். ஒரு பக்கமாக இறங்கியவர்கள் முகாமுக்கு, மறுபக்கம் இறங்கியவர்கள் விஷவாயு அறைக்கு. அவ்வளவுதான் விதி.

ஆஷ்விட்ஸ் என்பது ஒரே முகாமா, பல முகாமா? குழப்பமாக இருக்கிறது.

ஒரு தொகுதி. பழைய முதன்மை முகாம் ஒன்று. விஷவாயு அறைகளும் பெரிய தகன உலைகளும் இருந்த பிர்கெனௌ இரண்டாவது. சில கிலோமீட்டர் தள்ளி மோனோவிட்ஸ் மூன்றாவது. இவற்றைச் சுற்றி நாற்பதுக்கும் மேல் கிளை முகாம்கள். மொத்தத்தில் சுமார் 11 லட்சம் பேர் இங்கே கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள்.

லேவி இருந்தது மோனோவிட்ஸில். ஐ.ஜி. ஃபார்பென் என்ற பெரிய ஜெர்மன் ரசாயன நிறுவனம் செயற்கை ரப்பர் செய்வதற்காக அங்கே "புனா" தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 மார்க் என்று நிறுவனம் எஸ்.எஸ்.ஸுக்குக் கூலி கட்டியது, கைதிக்கு ஒன்றும் கிடையாது. இத்தனை உயிர் போயும் அந்த ஆலையிலிருந்து கடைசிவரை ரப்பர் வெளிவரவே இல்லை.

எல்லா யூதர்களுக்கும் கையில் நம்பர் பச்சை குத்தினார்களா?

இல்லை. பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் தொகுதியில் மட்டும், அதுவும் வேலைக்கு எடுத்தவர்களுக்கு மட்டும். ரயிலிலிருந்து நேராக விஷவாயு அறைக்கு அனுப்பியவர்களுக்கு நம்பரே இல்லை, பெயர்கூட எழுதிக்கொள்ளவில்லை. லேவியின் இடது முன்கையில் இருந்தது 174517. அந்த நம்பரைக் காட்டினால்தான் ரொட்டியும் சூப்பும்.

முகாமில் ஒரு நாள் எப்படி இருக்கும்? சாப்பாடாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா?

நாள் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். ஒரு துண்டு ரொட்டி, காப்பி என்ற பெயரில் ஒரு கறுப்புத் தண்ணீர். மத்தியானமும் ராத்திரியும் தண்ணீர் மாதிரி சூப். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வரிசையில் நிற்க வேண்டும், வாசலில் கைதிகளின் பேண்டு வாத்தியம் வாசிக்கும். ஒரு பலகையில் இரண்டு பேர் படுக்கை, தலைக்கு அடியில் கிண்ணத்தையும் செருப்பையும் வைத்துக்கொண்டுதான் தூக்கம், இல்லாவிட்டால் காலையில் இருக்காது.

சூப் அண்டாவில் மேலாக இருப்பது வெறும் தண்ணீர், உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் அடியில் தங்கிக்கிடக்கும். ஆகவே வரிசையில் முன்னால் நிற்பவன் புதுசு, அண்டா பாதி காலியாகும் நேரம் பார்த்து வந்து நிற்பவன் பழசு. ஸ்பூன் கொடுக்கமாட்டார்கள், ஸ்பூன் வேண்டுமென்றால் ரொட்டியைக் கொடுத்து வாங்க வேண்டும், அதுவரை நாய் மாதிரி நக்கிக் குடிக்க வேண்டும். முகாம் விடுதலையான பிறகு கிடங்கைத் திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் புது ஸ்பூன்கள். பற்றாக்குறை இல்லை, மனிதர்களை அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்காகவே கொடுக்காமல் வைத்திருந்தார்கள். முகாமைப் பற்றி எனக்கு ஓரளவாவது புரிய வைத்தது இந்த ஸ்பூன் விஷயம்தான்.

இன்னொன்று செருப்பு. மரக்கட்டை அடியுள்ள, அளவு சேராத செருப்பு. முதல் நாளே புண், புண் வீங்கினால் நடை தளரும், நடை தளர்ந்தால் அடி, பிறகு நோயாளிக் கொட்டகை. வீங்கிய காலோடு அங்கே போனவர்களுக்கு அடுத்தது பெரும்பாலும் பிர்கெனௌ. அதே மாதிரி மொழி: கட்டளை ஜெர்மனில் வரும், புரியாமல் விழித்தால் அடி விழும். இத்தாலியர்களில் பலர் வந்த சில வாரங்களிலேயே செத்ததற்கு இது பெரிய காரணம் என்கிறார் லேவி. அவர் தன் ரொட்டியில் ஒரு பங்கைக் கொடுத்து, ஜெர்மன் தெரிந்த ஒரு கைதியிடம் பாடம் கேட்டிருக்கிறார்.

இத்தனை ஆயிரம் பேர் இருந்தார்களே, ஏன் யாருமே எதிர்க்கவில்லை? ஏன் தப்பி ஓடவில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். லேவியிடமும் பள்ளிப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்டார்களாம்.

முதலில், எதிர்ப்பே இல்லை என்பது தவறு. வார்சா யூதச் சேரியில் 1943 ஏப்ரலில் ஆயுதம் எடுத்தார்கள். ட்ரெப்ளிங்கா மரண முகாமில் 1943 ஆகஸ்டிலும் சொபிபோரில் அக்டோபரிலும் கலகம் நடந்தது. பிர்கெனௌவில் 1944 அக்டோபர் 7 அன்று, பிணங்களை எரிக்கும் வேலைக்கு வைத்திருந்த கைதிகளே எழுந்து ஒரு தகனக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்கு வெடிமருந்து கடத்திக் கொடுத்த நான்கு பெண்களை 1945 ஜனவரியில் தூக்கில் போட்டார்கள். அந்தக் கலகத்தில் தொடர்புள்ளவர் என்று ஒருவரை மோனோவிட்ஸ் கைதிகள் முன்னாலேயும் தூக்கில் போட்டார்கள், லேவி அங்கே நின்று பார்த்தார். சாகும் முன் அவர் உரக்கக் கத்தினார், கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு தானும் நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் வெட்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

தப்புவது என்றால் எங்கே தப்புவது? மொட்டைத் தலை, கோடு போட்ட உடை, உடம்பில் வலு இல்லை, வெளியே போனால் மொழி தெரியாத ஊர். ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் இருநூறு பேர் அளவில்தான், அவர்களில் போலந்துக்காரர்களே அதிகம், அவர்களுக்கு அது சொந்த ஊர். அப்புறம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்ட சோவியத் சிப்பாய்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இளைஞர்கள், போர்ப் பயிற்சி பெற்றவர்கள், குழந்தை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வராதவர்கள். அவர்களிடம் "ஏன் எதிர்க்கவில்லை" என்று யாரும் கேட்பதில்லை. முந்தின ராத்திரி பிள்ளையின் துணியைத் துவைத்துக் காயப்போட்ட தாயிடம் மட்டும் கேட்கிறோம்.

அவர் பிழைத்ததற்கு மனவலிமைதானே காரணம்?

அவரே ஒத்துக்கொள்ளமாட்டார். அதிர்ஷ்டம் என்றுதான் கடைசிவரை சொன்னார், வெறும் பணிவுக்காக இல்லை, காரணங்களைக் காட்டித்தான் சொன்னார். 1944-ல் ஜெர்மனிக்கு வேலையாள் பஞ்சம், அதனால் கைதிகளைக் கொஞ்சம் கூடுதல் நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். கொஞ்சம் ஜெர்மன் தெரியும். வேதியியல் படித்தவர் என்பதால் ஜெர்மன் அதிகாரி ஒருவர் முன்னால் ஜெர்மன் மொழியிலேயே தேர்வுக்கு நிறுத்தினார்கள், தேறிய பலன் மாதக்கணக்கில் கழித்து, கடைசிக் குளிர்காலத்தில், கூரையும் சூடும் உள்ள ஆய்வகத்தில் ஒரு இடம். அங்கே உரசினால் தீப்பொறி தரும் சீரியம் என்ற உலோகக் கம்பிகளைத் திருடி, ராத்திரி போர்வைக்குள் ஒளிந்து செதுக்கி, நண்பர் ஆல்பெர்ட்டோவோடு சேர்ந்து லைட்டர் கல் செய்தார். கள்ளச் சந்தையில் ஒரு கல்லுக்கு ஒரு நாள் ரொட்டி.

லொரென்ஸோ பெரோனே இல்லாவிட்டால் இதெல்லாம் போதாது. ஃபோஸ்ஸானோ ஊர்க் கொத்தனார், அதிகம் படிக்காதவர், ஒரு இத்தாலிய நிறுவனத்தின் கூலியாளாக அங்கே வந்தவர், யூதரில்லை, கைதியுமில்லை. ஆறு மாதம் தினமும் தன் சூப்பில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுப் போட்ட ஒரு பனியன் கொடுத்தார். இவர் சார்பாக இத்தாலிக்கு ஒரு அஞ்சலட்டை எழுதிப் போட்டுப் பதிலும் கொண்டுவந்தார். மாட்டினால் அவருக்கே முகாம்தான். பதிலுக்கு எதையும் வாங்கவில்லை. லேவி பிற்பாடு தன் மகளுக்கும் மகனுக்கும் அவர் பெயரிலிருந்து எடுத்துத்தான் பெயர் வைத்தார். 1998-ல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு அமைப்பான யாத் வஷேம் பெரோனேவைக் கௌரவித்தது. அவர் 1952-லேயே இறந்துவிட்டார்.

கடைசியாக ஒரு கிண்ணம் சூப். ஆய்வகத்தில் திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்களான பிப்பெட்டுகளைத் திருடி நோயாளிக் கொட்டகையில் விற்றபோது கிடைத்தது, யாரோ பாதி குடித்து வைத்தது. லேவியும் ஆல்பெர்ட்டோவும் பங்கிட்டுக் குடித்தார்கள். அதிலிருந்து லேவிக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றியது. ஆல்பெர்ட்டோவுக்குச் சிறுவயதிலேயே அது வந்து போயிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. 1945 ஜனவரி 18 அன்று, ரஷ்யப் படை நெருங்கியதும், நடக்க முடிந்த கைதிகளையெல்லாம் பனியில் மேற்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆல்பெர்ட்டோ நல்ல உடம்போடு கிளம்பினார், திரும்பவில்லை. காய்ச்சலில் கிடந்தவர் பிழைத்தார்.

அப்போ கடவுள்தான் காப்பாற்றினார் என்று சொல்லலாமா?

உங்கள் நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் லேவியிடம் இப்படிச் சொன்னவர்கள் உண்டு, அவர் கோபப்பட்டார். காரணம் 1944 அக்டோபரில் நடந்தது. கைதிகளை நிர்வாணமாக ஒரு எஸ்.எஸ். ஆள் முன்னால் ஓட விட்டு, ஒரு பார்வையில் அவரவர் விவரம் எழுதிய சீட்டை இடமா வலமா என்று பிரித்தார்கள், ஒரு பக்கம் போனால் விஷவாயு அறை. ராத்திரி ஒரு வயதான கைதி, தான் சாவுக்குத் தேர்வாகவில்லை என்று உரக்கக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலகையில் இருபது வயசு கிரேக்கப் பையன், இரண்டொரு நாளில் விஷவாயு அறைக்குப் போகப்போகிறவன், விளக்கையே பார்த்தபடி படுத்திருந்தான். தான் கடவுளாக இருந்தால் அந்தப் பிரார்த்தனையைக் காறித் துப்பியிருப்பேன் என்கிற அளவுக்கு எழுதினார் லேவி. அவனை விட்டுவிட்டு என்னைக் காப்பாற்றினார் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கேள்வி.

ரஷ்யர்கள் வந்ததும் வீட்டுக்குப் போய்விட்டாரா?

இல்லை, அதற்குமுன் பத்து நாள் இருக்கிறது. காவலர்கள் ஓடிவிட்டார்கள், உணவில்லை, தண்ணீரில்லை, கடுங்குளிர். மோனோவிட்ஸில் விடப்பட்ட நோயாளிகள் 800 பேர் அளவில், ரஷ்யர்கள் வருவதற்குள் சுமார் 500 பேர் செத்தார்கள், வந்த பிறகும் 200 பேர். லேவியும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் காய்ச்சலோடு எழுந்து ஒரு இரும்பு அடுப்பையும் உருளைக்கிழங்கையும் தேடிக் கொண்டுவந்தார்கள். அடுப்பு பற்றியதும் அறையில் கிடந்த நோயாளிகள் ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி இவர்களுக்குக் கொடுத்தார்கள். முந்தின நாள் வரை அங்கே யாரும் யாருக்கும் ரொட்டி கொடுத்ததில்லை. கைதிகள் மறுபடி மனிதர்களாகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான் என்கிறார்.

1945 ஜனவரி 27 அன்று சோவியத் சிப்பாய்கள் வந்தார்கள். அதன் பிறகு போலந்து, பெலாரஸ், உக்ரைன், ருமேனியா, ஹங்கேரி, ஆஸ்திரியா என்று சுற்றி, அக்டோபர் 19-ல்தான் டூரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரோடு கிளம்பிய 650 பேரில் திரும்பியவர்கள் இருபத்துச் சொச்சம்.

கைதிகளே கைதிகளை அடித்தார்களாமே? அப்போ அவர்களும் குற்றவாளிகள்தானே?

அடித்தார்கள். "காப்போ" என்ற மேற்பார்வைக் கைதிகள் உண்டு, சிலர் கொலைகாரர்கள் மாதிரியே நடந்துகொண்டார்கள். லேவி இதை மறைக்கவே இல்லை. ஆனால் காப்போ ஒரு கோடி, அண்டாவைக் கழுவிக்கொடுத்து அரைக் கிண்ணம் கூடுதல் சூப் வாங்கியவர் இன்னொரு கோடி, நடுவில் எத்தனையோ பேர். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறார்.

அவருடைய நிலை எனக்குப் பிடிபடச் சில வருஷம் ஆனது: இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள்தான் முழுக் குற்றவாளிகள், பாதிக்கப்பட்டவர்களையே கூட்டாளி ஆக்கியது அவர்கள் செய்த குற்றங்களிலேயே மோசமானது. தன் இனத்துப் பிணங்களை எரிக்க வேண்டியிருந்தவர்களைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை, அங்கே இருந்த தனக்கும் இல்லை, இல்லாதவர்களுக்கு நிச்சயமாக இல்லை.

இதெல்லாம் ஒருத்தருடைய நினைவுதானே? மிகைப்படுத்தியிருக்கலாமே, எப்படி நம்புவது?

சந்தேகப்படுங்கள், தப்பில்லை. நினைவு மங்கும், சொல்லிச் சொல்லிப் பழகிய கதை உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று லேவியே எச்சரித்திருக்கிறார். தான் பார்த்ததையும் பிறகு கேள்விப்பட்டதையும் பிரித்தே எழுதினார். விஷவாயு அறையை அவர் பார்த்ததில்லை, பார்த்ததாக எங்கேயும் சொல்லவும் இல்லை.

அப்புறம், இது ஒரே ஒருத்தர் வாக்குமூலம் கிடையாது. 1945-லேயே, ஊர் திரும்பும் முன், சோவியத் அதிகாரிகள் கேட்டதற்காக, உடனிருந்த டாக்டர் லியனார்டோ தே பெனதெத்தியோடு சேர்ந்து மோனோவிட்ஸின் உணவு, உடை, நோய்கள் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். 1946-ல் இத்தாலிய மருத்துவ இதழில் வந்தது. அதில் அழுகை இல்லை, நோய்களின் பட்டியல்தான். பச்சை குத்திய நம்பர் வரிசை, கம்பெனியின் கணக்குகள், மற்ற கைதிகளின் சாட்சியம், எஸ்.எஸ். அதிகாரிகளின் நீதிமன்ற வாக்குமூலம் என்று தனித்தனி இடத்திலிருந்து வந்தவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 96, 95 என்று ஒரு எண் முன்னே பின்னே வரலாம், அதைக் காட்டி மொத்தமும் பொய் என்பவர் சந்தேகப்படவில்லை, மறுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் உடனே எழுதிவிட்டார், சரி. மற்றவர்கள் ஏன் நாற்பது ஐம்பது வருஷம் கழித்துப் பேசினார்கள்?

கேட்க ஆள் இல்லை என்பதுதான் பெரிய காரணம். போர் முடிந்ததும் எல்லோரும் மறக்க விரும்பினார்கள். லேவியின் புத்தகத்துக்கே 1947-ல் என்ன வரவேற்பு கிடைத்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மிலானைச் சேர்ந்த லிலியானா செக்ரே 13 வயதில் தகப்பனாரோடு 1944 ஜனவரி 30 அன்று, மிலான் மத்திய ரயில் நிலையத்தின் அடித்தளத்திலிருந்து, ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். தபால் மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டிய இடம் அது, பெட்டியில் ஆட்களை அடைத்து லிஃப்டில் மேலே தண்டவாளத்துக்குத் தூக்கினார்கள், மேலே பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. தகப்பனார் திரும்பவில்லை. செக்ரே பொதுவெளியில் பேச ஆரம்பித்தது 1990 வாக்கில். ஊர் திரும்பியபோது அவருக்கு 15 வயதுகூட ஆகவில்லை, சொந்தக்காரர்களுக்குக் கேட்கவே தெரியவில்லை. 2018-ல் இத்தாலி அவரை ஆயுட்கால செனட்டராக்கியது. அந்த நிலையத்து அடித்தளம் இப்போது நினைவிடம், நுழைவுச் சுவரில் அவர் கேட்டபடி பெரிதாக எழுதியிருக்கும் சொல் "அலட்சியம்".

ஜெர்மன் மக்களுக்கு நிஜமாகவே தெரியாதா? அந்தக் கம்பெனிக்கு என்ன ஆனது?

முழு விவரம் எல்லோருக்கும் தெரியாது, ஏதோ பயங்கரம் நடக்கிறது என்று ஏராளமானவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வழி இருந்தும் பெரும்பாலோர் கேட்காமல் இருந்துவிட்டார்கள், அதுதான் அவர்களுடைய குற்றம் என்றார் லேவி. புனாவில் கைதிகளோடு தினமும் நின்ற பொறியாளர்களும் மேஸ்திரிகளும் கண்ணால் பார்த்தவர்கள்.

ஐ.ஜி. ஃபார்பென் நிர்வாகிகளை நியூரம்பர்கில் விசாரித்து 1948-ல் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதிகபட்சம் எட்டு வருஷம். 1950களின் தொடக்கத்திலேயே எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், சிலர் மறுபடி பெரிய கம்பெனிகளில் பதவியில் உட்கார்ந்தார்கள். மோனோவிட்ஸ் கைதியாக இருந்த நார்பர்ட் வொல்ஹைம் 1951-ல் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 1953-ல் 10,000 மார்க் தீர்ப்பு வாங்கினார். அந்த வழக்குதான் மற்றவர்களுக்கும் வழி திறந்தது, 1957-ல் நிறுவனம் 3 கோடி மார்க்குக்கு உடன்பட்டது.

லேவி அவர்களை மன்னித்தாரா?

இல்லை. வெறுக்கவும் இல்லை. ஒரு இனத்தையே மொத்தமாக வெறுப்பது நாஜி வழி, அதில் போகமாட்டேன் என்றார். அதே நேரம், செய்ததை உணர்ந்து, திருந்தியதைச் செயலில் காட்டாத ஒருவரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. 1967-ல் புனா ஆய்வகத்தில் இருந்த ஒரு ஜெர்மன் வேதியியலாளரோடு கடிதம் பரிமாறிக்கொண்டார். அவர் கெட்டவரில்லை, ஒரு தடவை லேவியிடம் மரியாதையாகப் பேசியிருந்தவர். ஆனால் பழசையெல்லாம் அழகாக்கி எழுதினார், மன்னிப்பை எதிர்பார்த்தார். சந்திக்கலாம் என்று பேச்சு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பழிவாங்குவது, மன்னிப்பது இரண்டையும் விட, நீதிமன்றத்தில் சரியான தண்டனை கிடைப்பதைத்தான் லேவி கேட்டார். அது எவ்வளவு கிடைத்தது என்று போன பதிலில் பார்த்தோம்.

அவர் கடைசியில் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே, ஆஷ்விட்ஸ்தான் கொன்றது என்று சொல்லலாமா?

1987 ஏப்ரல் 11 அன்று, பிறந்த அதே வீட்டின் மாடிப்படிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் விழுந்து இறந்தார். தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள், அதை ஏற்காதவர்களும் உண்டு. முகாமுக்கு முன்பும் பின்பும் அவருக்கு மனச்சோர்வு வந்ததுண்டு, கடைசி மாதங்களில் உடல்நலமும் வீட்டுச் சூழலும் பாரமாக இருந்தன. ஒற்றைக் காரணம் சொல்வது நியாயமில்லை. "அவரே தோற்றுவிட்டார், எழுதியதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவேன். நாற்பது வருஷம் சாட்சி சொன்னவரின் எழுத்தை அவர் இறந்த விதத்தை வைத்து அளக்காதீர்கள்.

பிழைத்து வந்தவர்கள் பேசுகிறார்கள். செத்தவர்கள் கதை? அதை இவர் எப்படிச் சொல்ல முடியும்?

முடியாது என்றுதான் அவரும் சொன்னார். அடி ஆழம் வரை போனவர்கள் திரும்பவில்லை, திரும்பியவர்கள் விதிவிலக்குகள், ஆகவே நாங்கள் முழுச் சாட்சிகள் இல்லை என்றார். இதை நான் கடைசிப் பக்கங்களில் வைத்திருப்பதற்குக் காரணம், மேலே உள்ள பதில்களையெல்லாம் படித்த பிறகுதான் இது உறைக்கும். லொரென்ஸோவின் சூப், லைட்டர் கல், காய்ச்சல் எல்லாம் பிழைத்தவருக்கு நடந்தவை. சாதாரணமாக அங்கே நடந்தது அது இல்லை.

விடுதலைக்குப் பிறகு முதன்மை முகாமின் மருத்துவக் கொட்டகையில் மூன்று வயசு மதிக்கத்தக்க ஒரு குழந்தை இருந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பேச்சும் இல்லை, பெயரும் தெரியாது, கையில் மட்டும் நம்பர். மற்றவர்கள் வைத்த பெயர் ஹுர்பினெக். பதினைந்து வயது ஹங்கேரியப் பையன் ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டி, துடைத்து, பேசப் பழக்கினான். ஒரு நாள் அந்தக் குழந்தை ஏதோ ஒரு சொல் சொன்னது, ஐரோப்பாவின் அத்தனை மொழிக்காரர்களும் அங்கே இருந்தும் யாருக்கும் புரியவில்லை. 1945 மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனது. லேவி எழுதாமல் விட்டிருந்தால் அப்படி ஒரு குழந்தை இருந்ததே நமக்குத் தெரியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா? எந்த வயசில், எங்கிருந்து ஆரம்பிப்பது?

சொல்லலாம். லேவி பல வருஷம் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார், பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் 1976-ல் அவர் நூலின் பள்ளிப் பதிப்பில் சேர்ந்தன. செக்ரே முப்பது வருஷம் பிள்ளைகளிடம் பேசி, 2020-ல் 90 வயதில் நிறுத்திக்கொண்டார்.

பிணக்குவியல் படங்களைக் காட்டி ஆரம்பிக்காதீர்கள், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள், அதோடு சரி. 1938-ல் தொடங்குங்கள். செக்ரேவுக்கு அப்போது எட்டு வயது. நாளையிலிருந்து நீ பள்ளிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும். ரயில், பிரிப்பது, நம்பர் எல்லாம் பதினான்கு பதினைந்துக்கு மேல். காப்போக்கள் பற்றிய கேள்வியை இன்னும் பெரிய வகுப்புக்கு விடலாம், ஆனால் பிள்ளைகளே முந்திக்கொண்டு கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.